மேட்னியில் பெண் பார்த்தார்கள்

கோமாவில் படுத்துக் கிடப்பதற்கு அந்தப் பெரியவரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு இன்று வரை மனசு ஆறவில்லை. கண்ணை லேசாகச் சுருக்கினாலே பால்கனிப் பெண்களை முந்தானையைத் தேட வைக்கிற நடிகர் அவர். அந்த மனுஷனை முதல் ரீலிலேயே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தி, மூக்கில் குழாயைச் செருகி, முகத்தில் முக்கால் பங்கை மூடி, படம் முடிகிற வரை எழுப்பவே இல்லை. சும்மா படுத்துக் கிடக்க யார் போதாது? எங்கள் தெருவிலேயே அதைவிட உருக்கமாகப் படுக்கக்கூடிய ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள்.

மட்டமான நடிகர்களை வைத்து மட்டமான படம் எடுத்தால் எனக்குக் கோபம் வராது. அவர்களால் ஆனது அவ்வளவுதான் என்று முறுக்கைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். ஆனால் பெரிய மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து நல்ல வஞ்சிரமாக வாங்கி வந்து, புளியும் இல்லாமல் உப்பும் இல்லாமல் வெந்நீரில் வேகவைத்துக் கொடுத்தால் வயிறு எரியுமா எரியாதா? இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த மாதிரிப் படங்கள் வரிசையாக வந்தன. போஸ்டரில் ஏழு பேர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஏழு பேரும் கில்லாடிகள். உள்ளே போனால் ஏழு பேருக்கும் செய்ய ஒரு வேலையும் இருக்காது.

நான் சொல்லப் போகிற படம் அந்த வகையில் ராஜா. அதை மறக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின் சீட்டில் உட்கார்ந்து என்னைப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ரெட்டியார்பாளையத்தில் வீடு. பக்கத்திலேயே ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை. நாள் முழுக்க ஊரார் கல்யாணப் பத்திரிகைகளை அடித்துக்கொண்டிருந்தேன். என் பத்திரிகைக்குத்தான் வழியைக் காணோம். அதுவரை நாலு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நாலு தடவையும் காபி தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நாலு தடவையும் வாயைத் திறந்தேன். நாலு தடவையும் "வீட்ல கலந்துக்கிட்டு சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான்.

கடைசியாக வந்தவர்களோடு மாப்பிள்ளையின் மாமா ஒருவர் வந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. பிரான்சில் பெண்கள் எல்லாம் ஆம்பிளைகள் பேசும்போது குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார்கள் என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் சொற்பொழிவு ஆற்றினார். "நீங்க எந்த பிரான்சுல இருந்தீங்க மாமா?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். மறுநாளே தரகரிடமிருந்து சேதி வந்துவிட்டது: பொண்ணுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சின்ன வயதில் எனக்குச் சொன்னவளே அம்மாதான். அந்தப் பழமொழி பெண் பிள்ளைக்குக் கல்யாண வயது வரும் வரைதான் செல்லும் போலிருக்கிறது. "இனிமே எவன் முன்னாடியும் காபி தட்டு தூக்க மாட்டேன். இது சத்தியம்" என்று நான் கத்தினேன். அம்மா உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் அக்கா. எங்கள் ஊர்ப் பஞ்சு மில் ஓடிய காலத்தில் அங்கே வேலை பார்த்தவள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் அவள் குசுகுசுவென்று பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். நான் வேலைக்குப் போயிருந்த சமயத்தில் அம்மாவிடம் அவள் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கருவடிக்குப்பத்தில் ஒரு பையன். கவர்மென்ட் வேலை. ஒரே பிள்ளை. அவர்களை வீட்டுக்கு வரவழைத்தால் நான் வாயைத் திறப்பேன். கோயிலுக்கு வரவழைத்தால் அங்கேயும் திறப்பேன். மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு ஒரே இடத்தில் உட்காரும்படி என்னை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"தியேட்டர்ல" என்றிருக்கிறாள் அத்தை. "படம் ஓடும்போது யாரு பேசப் போறா? அவங்க பின்னாடி உக்காந்து நல்லாப் பாத்துக்கட்டும். தற்செயலாப் பாத்த மாதிரி பாத்துட்டுப் போயிடட்டும். ஆயிரம் பொய்யி சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னாங்க. நாம ஒரே ஒரு பொய்யிதான சொல்றோம்?"

இருட்டில் எப்படிப் பார்ப்பார்கள், அதுவும் பின்னால் உட்கார்ந்து என் கொண்டையைத் தவிர வேறு எதைப் பார்ப்பார்கள் என்று அம்மாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. என்னைக் கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன், கதை நிற்காது என்று. இன்னொரு விஷயமும் அவர்களுக்குத் தெரியாது. நான் வேறெங்கும் பேசுவதைவிட சினிமாக் கொட்டகையில்தான் அதிகம் பேசுவேன். என் சிநேகிதிகளுக்குத் தெரியும். அம்மாவும் அத்தையும் என்னோடு படத்துக்கு வந்தே பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. அப்பாவுக்கு ஷிஃப்ட் என்று சொன்னார்கள். அம்மா தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சினிமாவுக்கு எதுக்கும்மா பட்டு?"

"பொட்டியிலயே கெடந்தா மடிப்புல இத்துப்போயிடும்."

"அத்தையும் பட்டுல வந்திருக்கே?"

"அதுவும் இத்துப்போயிடும்" என்றாள் அம்மா. என் தலையில் ஒரு முழம் போதும் என்றதற்கு நாலு முழம் மல்லிகையை வைத்து அழுத்தினாள். நடிப்பில் குறை சொல்ல முடியாது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. வசனம்தான் மட்டம்.

தியேட்டரில் அம்மா என் இடது பக்கம், அத்தை வலது பக்கம். அத்தை உட்கார்ந்ததிலிருந்து கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசலையே பார்த்தாள். கடைசியில் பின் வரிசைக்கு ஒரு அம்மாளும் அவளுடைய பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள்.

"அட! நீங்களா! என்னா ஆச்சரியம்!" என்று அத்தை எழுந்தே விட்டாள். அடுத்த மூச்சிலேயே, "ரெண்டு மணிக்கே வந்துடறோம்னீங்களே, ஏன் இம்மா நேரம்?" என்றாள்.

வேறு நேரமாக இருந்தால் அந்த ஓட்டையில் நான் கையை விட்டுக் குடைந்திருப்பேன். ஆனால் அந்த நொடியில் திரையில் டைட்டில் ஓட ஆரம்பித்தது. டைட்டில் ஓடினால் எனக்கு வீடு பற்றி எரிந்தாலும் தெரியாது. "என் மில்லு சிநேகிதி" என்று அத்தை காதில் சொன்னாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு பெயர் வரும்போதும் விசில். அந்தப் பெரியவர் பெயருக்கு நானே கை தட்டினேன்.

கதை இதுதான். பெரியவர் கோமாவுக்குப் போவதற்கு முன்னால் ஒரு கடிதத்தை எழுதி, ஒட்டி, போலீஸ்காரனான பெரிய ஹீரோவிடம் கொடுக்கிறார். அதில் ஒரு பயங்கர ரகசியம் இருக்கிறது. அந்தக் கடிதத்துக்காக வில்லன் ஊரையே கொளுத்துகிறான். டாக்டரான சின்ன ஹீரோ அதைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கிறான். ஆனால் படத்தில் ஒருத்தர்கூட அதைப் பிரித்துப் படிக்கவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை.

முதல் கால் மணி நேரம் பொறுத்தேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய பொறுமை. பிறகு, "டேய், அதைப் பிரிச்சுப் படிங்கடா, வீட்டுக்குப் போவலாம்!" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். பின் சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கிற ஆள் கிடைத்துவிட்டால் என்னை நிறுத்த முடியுமா? விருதெல்லாம் வாங்கிய ஒரு நடிகை பெரிய ஹீரோவின் அம்மாவாக வந்தார். அவருக்கு டிபன் கேரியரோடு நடமாடுவதுதான் வேலை. வீட்டில் குண்டு வெடிக்கிறது, "சாப்பிட்டியாப்பா?" என்கிறார். மகன் ரத்தம் வழிய வந்து விழுகிறான், "சாப்பிட்டியாப்பா?" என்கிறார். மூன்றாவது தடவை அவர் கேரியரோடு கதவைத் திறந்தபோது, அவர் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டேன். இரண்டு வரிசை கொல்லென்று சிரித்தது. பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது.

"ஏம்மா, அந்த டாக்டரு இப்ப செத்துருவானா?" அந்த அம்மாள்தான்.

"சாவ மாட்டாருங்க. அவருக்கு இன்னும் ரெண்டு பாட்டு பாக்கி இருக்குது."

"வில்லன் ஏன் ஜூஸையே குடிக்கிறான்?"

"வேற வேல குடுக்கல, பாவம்."

அம்மா கிள்ளிய இடமெல்லாம் மறுநாள் கன்றிப்போயிருந்தது. ஒவ்வொரு கிள்ளுக்கும் அவள் மனதில் ஒரு கல்யாணம் நின்றுபோய்க்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இடைவேளையில் அத்தை அட்டைத் தட்டில் அஞ்சு காபியோடு வந்தாள். தட்டை என் கையில் திணித்தாள். "எனக்கு முட்டி வலிக்குது. பின்னாடி அவங்களுக்கும் குடுத்துட்டு வா" என்றாள். அந்த அம்மாள் மேல் எனக்கு அதற்குள் பிரியம் வந்துவிட்டிருந்தது. சந்தோஷமாகவே போனேன்.

அவள் பக்கத்தில் அவள் பிள்ளை தலையை அண்ணாந்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். விளக்கு போட்டது, கூட்டம் எழுந்தது, எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் அவனை உலுக்கினாள்.

"தம்பி, எழுந்திருப்பா. பொண்ணு காபி எடுத்தாந்திருக்குது பாரு."

பொண்ணு. காபி. கையில் தட்டு. எனக்குப் பின்னால் இரண்டு பட்டுப் புடவைகள். தலையில் நாலு முழம் மல்லிகை. அடுத்தவன் கதையில் ஆயிரம் ஓட்டை கண்டுபிடிக்கிறவள், என்னை வைத்து ஓட்டிய கதையில் இடைவேளை வரைக்கும் ஏமாந்து நின்றிருக்கிறேன். அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து காபியை எடுத்துக்கொண்டான். "சக்கர கம்மி" என்றான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் மூடிக் கிடந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா இது?"

"கோவப்படாத. எங்க போனாலும் நீ பேசிடற. இங்கயாச்சும் பேச மாட்டேன்னு நெனச்சேன்."

"சொல்லிட்டாவது கூட்டியாந்திருக்கலாம் இல்ல?"

"சொன்னா வருவியா?" அவள் குரல் உடைந்துவிட்டது. "அஞ்சாவது தடவையும் அவமானப்பட என்னால முடியாதுடி. மீதிப் படத்துக்காவது வாய மூடிக்கிட்டு உக்காரு. உனக்குக் கோடிப் புண்ணியம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே எழுந்து வெளியே போயிருப்பேன். ஆனால் அம்மா அழுதால் எனக்குத் தாங்காது. சரி, மூடிக்கொள்கிறேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதி ஆரம்பமானது. அப்படிப்பட்ட இரண்டாம் பாதியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. போலீஸ் ஹீரோ கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பனிமலைக்குப் போய்ப் பாட்டுப் பாடினான். நான் பேசவில்லை. கடிதம் ஆற்றில் விழுந்தது. ஈரம்கூடப் படாமல் வெளியே வந்தது. நான் பேசவில்லை. நாட்டையே சிரிக்க வைக்கிற நகைச்சுவை நடிகரை ஒரு மாடு துரத்தியது, அவ்வளவுதான் அவருக்கு வேலை. நான் பேசவில்லை. பின்னாலிருந்து தோளில் தட்டு விழுந்தது.

"ஏம்மா, இவன் எதுக்கு இப்ப மலையேர்றான்?"

"தெரியலீங்க."

"அந்தப் பெரியவரு எழுந்திருப்பாரா?"

"தெரியலீங்க."

"என்னா இது, மொதப் பாதி நல்லா இருந்துச்சே" என்று அந்த அம்மாள் யாரிடமோ முனகினாள். முன் வரிசையில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்பதுபோல் இருந்தது. சுற்றிலும் கொட்டாவி. ஒரு குடும்பம் எழுந்தே போய்விட்டது. நான் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படித்தான் இருக்க வேண்டும் போல, இனிமேல் ஆயுசு முழுக்க இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும் போல என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல் அழுதேன். அம்மா அதைப் பார்த்தாளா என்று தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"அந்த லெட்டர்ல என்னாதான்டி எழுதியிருக்கும்?"

நான் முழங்காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏய். உன்னத்தான்."

"நீதான வாய மூடச் சொன்ன?"

அம்மா திரையைப் பார்த்தாள். கேரியரோடு அந்த நடிகை மறுபடி வந்தார்.

"சொன்னேன்தான். முடியலடி. தலைய வலிக்குது. நீ பேசு."

"அவங்க பின்னாடி..."

"இருக்கட்டும். நீ பேசு" என்றாள்.

மெல்ல ஆரம்பித்தேன். கடிதத்தில் ஒன்றும் இருக்காது, மளிகைச் சாமான் லிஸ்ட்டுதான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டால் சாமானுக்குக் காசு கேட்பார்களோ என்று பயந்துதான் பெரியவர் கோமா மாதிரி நடிக்கிறார், அந்தக் கட்டிலில் ஒரு கண்ணைத் திறந்து டைரக்டர் போய்விட்டாரா என்று பார்க்கிறார் என்றேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. பின்னால் அந்த அம்மாள், "அப்புடிப் போடு" என்றாள்.

கிளைமாக்ஸில் ஒரு வழியாகக் கடிதத்தைப் பிரித்தார்கள். 'நீங்கள் இருவரும் அண்ணன் தம்பிகள்' என்று எழுதியிருந்தது. முதல் காட்சியிலிருந்தே போலீஸ்காரன் டாக்டரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கொட்டகையே ஒரு நிமிடம் வாயடைத்துப் போனது. அந்த நிசப்தத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு குறட்டை வந்தது. நீளமான, நிம்மதியான குறட்டை. அம்மா முழு உடம்பையும் திருப்பி அவனைப் பார்த்தாள். படம் முடிந்து விளக்கு போடும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் எல்லாரும் நின்றோம். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பொண்ணப் புடிச்சிப் போச்சுங்க. வீட்ல நாங்க ரெண்டே பேரு, பேச்சுத் துணைக்கு ஆளில்ல. தை மாசமே வெச்சிக்கலாம். தம்பிக்கும் சம்மதந்தான். இல்லப்பா?"

"நீ சொன்னா சரிம்மா" என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அத்தை வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் திட்டம் பலித்துவிட்டது. அம்மா மட்டும் அசையாமல் நின்றாள்.

"படம் எப்புடித் தம்பி இருந்துச்சு?" என்று அவனிடம் கேட்டாள்.

"பரவால்லீங்க. எல்லாம் நல்ல ஆக்டருங்க. முன்னாடி யாரோ பேசிக்கிட்டே இருந்தாங்களா, ரேடியோ மாதிரி, அப்புடியே கண்ணு சொக்கிடுச்சு."

அவன் நல்லவன்தான். பொய் சொல்லவில்லை. ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் சொன்னான்.

"அது என் பொண்ணுதான்" என்றாள் அம்மா. "அவ காலையில எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் பேசுவா தம்பி. நீங்க எத்தினி வருஷந்தான் தூங்குவீங்க?"

அம்மா அந்த அம்மாளின் கையிலிருந்து என் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். "மன்னிச்சிக்கோங்க. இது வேணாங்க" என்றாள். அந்த அம்மாளுக்கு முகம் வாடிவிட்டது. அவளுக்காக எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

"கவர்மென்ட் மாப்பிள்ளடி! உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று அத்தை போட்ட சத்தத்தில் சைக்கிள் எடுக்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவள் ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனது அதற்கு அடுத்த வருஷம். அதில் நடிகர்கள் சுமார்தான், கதை பரவாயில்லை.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டுப் புடவை கசங்கிப்போயிருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த நாலு வீட்டுக்கும் நான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன்டி, நீ பேசினதுக்கு. உனக்குத் தெரியாது. கேட்டிருக்கக் கூடாது."

அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். இரண்டு ஸ்டாப் போனது.

"என்னாடி, பேச்சையே காணோம்?" என்றாள் அம்மா.